உடற்கல்விக்குக் கல்லூரி கண்ட ஹாரி குரோ பக்

சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் வந்து முடிவடைகின்றது. சங்க இலக்கியம் சுட்டும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். உமணர் வண்டிகள் உப்பேற்றிச் சென்ற நெய்தல் நிலத்தில், பிற்காலத்தே அவ்வுப்பைப் படகுகள் கால்வாய் வழியே சென்னைக்குச் சுமந்தன. அடையாற்றை அடைந்தே அப்படகுகள் நகருக்குள் நுழைதல் வேண்டும். அந்த அடையாற்றின் வடகரையில், நந்தனத்தில், மரங்கள் அடர்ந்த பரந்த வளாகம் ஒன்று இன்றும் உள்ளது. ஆசியக் கண்டத்தில் உடற்கல்விக்கென்றே எழுந்த முதற் கல்லூரி எனப் போற்றப்பெறும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவாகும். அதனை நிறுவியவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக் அவர்கள். கால்வாய்க்குப் பெயர் தந்தவர் சென்னை மாகாண ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன்; நாம் இங்குப் பேசப் புகும் பக் அவருக்கு உறவினர் அல்லர். பெயரொலியின் ஒற்றுமை கண்டு மயங்க வேண்டா.

இம்மலரில் அன்னாரின் வாழ்வை எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. உப்பளக் கரையோரத்துச் சிற்றூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவ மாணவியருள் சிலர், பட்டப்படிப்பை முடித்தபின் உடற்கல்வியியலோ, உளவியலோ, விளையாட்டுப் பயிற்றுநர் படிப்போ பயில விழைகின்றனர். வீட்டில் எழும் முதற் கேள்வி, விளையாட்டுக்கும் ஒரு படிப்பா என்பதே. பெண்பிள்ளையாயின் அக்கேள்வி இன்னும் உரத்து எழும். நாளெல்லாம் பாத்தியில் குனிந்து உழைத்த தந்தைக்கு, ஓடுவதையும் ஆடுவதையும் கல்லூரியில் கற்பிக்கிறார்கள் என்பது விந்தையாகத் தோன்றுவதில் பிழையில்லை. நூறாண்டுகட்கு முன் இக்கேள்விக்கு ஒரு கல்லூரியையே விடையாக எழுப்பிக் காட்டியவரின் வரலாற்றை அத்தந்தையர்க்கு எடுத்துரைப்பது, நாம் ஆயிரம் வாதம் புரிவதினும் மேலானதன்றோ?

ஹாரி குரோ பக் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தின் பெருந்துறைமுகமாகிய லிவர்பூல் வேறு. இது சஸ்குவஹானா ஆற்றங்கரையில், கால்வாய்ப் படகுப் போக்குவரத்தால் வளர்ந்த சிறு குடியிருப்பு. வளர்ந்தபின் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். அன்னார் பிற்காலத்தில் ஆற்றிய பணியின் வித்து அங்கே கிடக்கிறது. ஆதலால் அக்கல்லூரியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சித் துறையை வழிநடத்திய லூதர் குலிக் என்பார் உளவியலும் கற்பித்தவர். கடுங்குளிர் காலத்தில் கூரைக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைப் படைக்க இயலுமா என்னும் சிந்தனை, அவர் நடத்திய உளவியல் வகுப்பிலேதான் எழுந்தது. வகுப்பில் அமர்ந்திருந்த ஜேம்ஸ் நைஸ்மித், 1891ஆம் ஆண்டு டிசம்பரில் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மேல்மாடத்தின் விளிம்பில் அறைந்து கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஓர் ஆட்டம் உளவியல் வகுப்பொன்றின் வீட்டுப்பாடமாகப் பிறந்தது என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். நான்காண்டுகள் கழித்து, அதே கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் கைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். நம் கரையோர மீனவர் குப்பங்களில் மாலைவேளையில் வலைகட்டி ஆடும் ஆட்டம் அதுவே. உடல், உள்ளம், ஆன்மா என்னும் மூன்றையும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களாகக் கொண்டு, ஒன்றை விடுத்து மற்றொன்றை வளர்த்தல் கூடாது என்பது குலிக் வகுத்த நெறி. அவர் அக்கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரே பக் அங்குப் பயின்றார். எனினும் அந்நெறியே அங்குக் காற்றாய் நிறைந்திருந்தது.

1919ஆம் ஆண்டு பக் சென்னை வந்து சேர்ந்தார். முதல் உலகப்போர் ஓய்ந்த நேரம் அது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றிய ஆண்டும் அதுவே. மறு ஆண்டில் அலிகார் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஜாமியா மில்லியா பிறந்தது. நாடு முழுவதும் தத்தம் மக்களுக்குக் கல்வி நிலையம் காண வேண்டும் என்னும் வேட்கை எழுந்திருந்த அக்காலத்தை நம் சமுதாயப் பெரியோர்கள் நன்கறிவார்கள். ஆயினும் அந்நிலையங்கள் யாவும் ஏட்டுக்கல்வியைக் கருதியே எழுந்தன. உடலைப் பற்றிக் கற்பிப்பார்க்குக் கல்வி வேண்டும் என்னும் எண்ணம் அன்று அரிது.

அக்காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களே டிரில் மாஸ்டராக அமர்த்தப்பெற்றனர். வரிசையில் நிறுத்துவதும், ஆணைக்கேற்பக் கை கால்களை அசைக்கச் செய்வதும், பிழைத்தோரைத் தண்டிப்பதும் அவர்தம் பணி. படையில் அதுவே முறை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பத்து வயதுச் சிறுவன் படைவீரன் அல்லன். அவனுடைய எலும்பு இன்னும் முற்றவில்லை. அச்சமும் நாணமும் அவனை வாட்டும். ஓடுவதில் இயற்கையான மகிழ்ச்சி அவனுக்கு உண்டு. இவற்றை அறியாதார் அவன் உடலைப் பயிற்றுவிக்கத் தகுதியுடையாரா என்பதே பக் எழுப்பிய வினா.

ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் உடற்பயிற்சிப் பணியை 1908ஆம் ஆண்டு முதலே டாக்டர் ஜே.எச்.கிரே இந்தியாவில் தொடங்கியிருந்தார். பக் நினைத்திருந்தால் அவ்வழியிலேயே சென்னை நகரத்து இளைஞர்க்குக் கூடைப்பந்தும் கைப்பந்தும் கற்பித்து, சில வெற்றிக் கோப்பைகளை ஈட்டித் தந்து, புகழோடு தாயகம் திரும்பியிருக்கலாம். அவர் ஆசிரியர்களை உருவாக்கத் தலைப்பட்டார். ஒரு பயிற்றுநர் நூறு பேரைப் பயிற்றுவிக்கலாம். பயிற்றுநரைப் பயிற்றுவிப்பவர் தாம் காணாத ஊர்களிலெல்லாம் பணி செய்கிறார். அன்னாரின் வாழ்வில் யாம் பெரிதும் வியப்பது இத்தேர்வையே.

1920ஆம் ஆண்டு, சென்னை எஸ்பிளனேடில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அவருடைய உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அக்கட்டடம் எழப் பொருளுதவியவரும் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வணிகரான ஜான் வானமேக்கர் என்பது ஒரு சுவையான செய்தி. தொடக்கத்தில் மாணவர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதே. துணைவியார் மேரி பக் அவர்களும் உடனிருந்து உழைத்தார்கள். பின்னர் அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாகி, அடையாற்றங்கரைக்குப் பெயர்ந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட மாணவர் வந்து பயின்றனர். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இந்தியத் துணைக்கண்டத்தில் இத்தகு நிலையம் வேறொன்று இல்லை. 1931இல் ஹைதராபாத்திலும், 1932இல் கல்கத்தாவிலும் லக்னோவிலும், 1938இல் பம்பாயை அடுத்த காண்டிவலியிலும் உடற்கல்விப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. வழி திறந்தது சென்னை.

விளையாட்டின் உளவியலைப் பற்றி இங்குச் சில சொல்ல வேண்டும். மிதிவண்டிப் போட்டியாளர் தனித்து ஓட்டுகையில் காட்டும் விரைவினும் பிறரோடு போட்டியிட்டு ஓட்டுகையில் காட்டும் விரைவு மிகுதி என்பதை 1898ஆம் ஆண்டு நார்மன் டிரிப்லெட் என்பார் ஆராய்ந்து காட்டினார். இத்துறையின் முதல் ஆய்வென அதனைக் கூறுவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் விளையாட்டு ஆய்வுக்கூடம் கண்டது 1925இல். பயிற்றுநர்க்கான உளவியலைப் பற்றி அவர் நூல் எழுதியது 1926இல். அந்த ஆய்வுக்கூடமும் 1932இல் மூடப்பெற்றது. மேனாட்டிலேயே இத்துறை இவ்வாறு தள்ளாடிய நாளில், மாணவனின் உள்ளத்தை அறியாமல் உடலைத் தொடாதே என்னும் மரபில் பயின்ற ஒருவர் சென்னையில் ஆசிரியர்களை உருவாக்கிக் கொண்டிருந்தார். பக் உளவியல் அறிஞர் அல்லர். ஆய்வுக்கூடம் எதுவும் அவர் வைத்திருக்கவில்லை. அவரை உளவியலின் தந்தையென்று புகழ்வது மிகை. உள்ளத்தையும் உடலையும் ஒரே ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும் என்று அவர் கொண்டார். அவ்வளவே, ஆனால் அதுவே பெரிது.

மேனாட்டு விளையாட்டைக் கொண்டு வந்து நம் நாட்டு விளையாட்டை அழித்தவர் என்று அவரைக் குறைகூறுவோரும் இருக்கக்கூடும். கிறித்தவ இயக்கம் ஒன்றின் ஊழியராக வந்தவர் அவர் என்பதும், ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் அது என்பதும் உண்மைதான். எனினும் அவர் வகுத்த பயிற்சியில் இந்நாட்டு ஆட்டங்களும் உடற்பயிற்சிகளும் மேனாட்டு ஆட்டங்களோடு ஒருங்கே இடம்பெற்றன. விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டு, நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியர்களின் கைந்நூலாகத் திகழ்ந்தது. அந்நூலின் பயனை ஊர்ப்போட்டிகளை நடத்தியவர் அறிவர். எழுதிய விதி இல்லாத ஆட்டம் பெரும்பாலும் பூசலில்தான் முடியும். உடற்கல்விக்கென ஓர் இதழையும் அவர் நடத்தினார். அதற்கு வியாயாம் என்று இந்நாட்டுச் சொல்லையே பெயராக இட்டது கருதத்தக்கது. சென்னை மாகாண அரசும் உடற்கல்வித் துறையில் அவருடைய அறிவுரையை நாடிப் பெற்றது.

1924ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அதற்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்க அவ்வாண்டு பிப்ரவரியில் தில்லியில் அகில இந்தியப் போட்டிகள் நடந்தன. இன்று தேசிய விளையாட்டுப் போட்டிகள் என வழங்குவதன் தொடக்கம் அதுவே. சர் தோராப்ஜி டாட்டா, டாக்டர் நோரன் ஆகியோர் அம்முயற்சியின் முன்னணியில் நின்றனர். இந்திய அணியின் மேலாளராகப் பாரிசுக்குச் சென்றவர் பக். தடை தாண்டும் ஓட்டத்தில் சி.கே.லட்சுமணன், நீளத் தாண்டலில் தலிப் சிங் முதலானோர் பங்கு கொண்டனர். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. கிட்டாததில் வியப்பும் இல்லை. முறையான பயிற்றுநர் இல்லாத நாட்டின் வீரர்கள், பல்லாண்டுப் பயிற்சி பெற்றோருடன் போட்டியிட்டார்கள். நாடு திரும்பிய பின் பக்கும் நோரனும் மாகாணம் மாகாணமாகச் சென்று விளையாட்டுச் சங்கங்களை அமைக்கத் துணைநின்றனர். அதன் பயனாக 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருப்பெற்றது. தோல்வியுற்ற அணியின் மேலாளர் அத்தோல்விக்குச் சமாதானம் தேடாமல் ஊர் ஊராகப் புறப்பட்டுச் சென்றார் என்பது, இன்று விளையாட்டுச் சங்கங்களில் பதவிக்காகப் பூசலிடுவோர் படிக்க வேண்டிய பாடம்.

1940ஆம் ஆண்டு அக்கல்லூரி மகளிருக்கும் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. பக்கின் வாழ்வில் இறுதியாக அமைந்த பெருஞ்செயல் என இதனைக் கருதலாம். பெண்குழந்தைகளுக்கு ஆடவர் உடற்பயிற்சி கற்பிப்பதைப் பெற்றோர் விரும்பார். அதற்குரிய பெண் ஆசிரியரோ மிகச் சிலர். ஆதலின் பெண்பள்ளிகளில் விளையாட்டு நேரம் பெயரளவில் நின்றுவிடும். பெண்ணுக்குப் பெண்ணே கற்பிக்க வேண்டும் எனில், முதலில் அப்பெண் ஆசிரியர் பயில ஓரிடம் வேண்டும். எளிய கணக்கு இது.

நம் சமுதாயத்துப் பெரியோர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் நலம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். கண்ணியமும் மறைவும் பேணப்படும் சூழலில் பெண்கள் உடலைப் பேணுவதை மார்க்கம் மறுக்கவில்லை. அத்தகைய சூழலை நம் பெண்பிள்ளைகளுக்கு அமைத்துத் தர வல்லவர் முறையாகப் பயின்ற பெண் ஆசிரியரே. மகள் உடற்கல்வி பயில விழைகையில் மறுத்துவிட்டு, பேத்தி படிக்கும் பள்ளியில் பெண் ஆசிரியர் இல்லையே என்று வருந்துதல் முறையாகுமா? இது கடிந்துரைப்பதாகத் தோன்றின் பொறுத்தருள்க.

பக் 1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் சென்னையில் காலமானார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, விடுதலை பெற்ற இந்தியாவைக் காணாமலே மறைந்தார். அதே 1943ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.டி.போவாஸ் தலைமையில் உளவியல் துறை தோன்றியது. முன்னரே 1916இல் கல்கத்தாவிலும் 1924இல் மைசூரிலும் உளவியலுக்குத் தனித்துறைகள் எழுந்திருந்தன. ஆக, உடற்கல்வியும் உளவியலும் சென்னையில் வெவ்வேறு வாயில்கள் வழியே கல்லூரிப் படிப்பாயின. அவை ஒன்றையொன்று சந்திக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1957இல் குவாலியரில் தோன்றிய இலக்குமிபாய் கல்லூரி உடற்கல்வியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பைத் தந்தது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்றுநர்களை உருவாக்கத் தலைப்பட்டது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகம் காண 2004ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பெற்றது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் அமைந்த அப்பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலும் ஒரு துறையாக உள்ளது. மரக்காணத்திலிருந்து அங்குச் செல்ல, சென்னை நகருக்குள்ளும் புக வேண்டுவதில்லை.

இனி, உப்பளத்துத் தந்தையின் கேள்விக்குத் திரும்புவோம். உழைக்கும் உடலுக்கு வேறு பயிற்சி எதற்கு என்பது அதன் உட்பொருள். மரக்காணத்தில் ஏறத்தாழ 3000 ஏக்கர் உப்பளங்கள் உள்ளன. மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளில் தேங்கிய நீரை வடித்து, சேற்றை அள்ளி, தரை கல்லெனக் கெட்டிப்படும்வரை நாள்தோறும் காலால் மிதிக்க வேண்டும். பின்பு உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் முற்றவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவித்துச் சுமக்க வேண்டும். வெண்மையின் கூச்சம் கண்ணைத் தாக்கும். உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்கும். குனிந்த முதுகு நிமிர நேரமிராது. இத்தனையும் உடலை வருத்துகின்றன. வளர்க்கின்றன என்று சொல்ல இயலாது. ஒரே தசைகள் ஒரே வகையில் நாளெல்லாம் தேய்கின்றன. விடுமுறையில் பெற்றோருக்குத் துணையாகப் பாத்தி மிதித்துவிட்டு வரும் மாணவனையும், நிழலில் வளர்ந்த மாணவனையும் ஒரே வரிசையில் நிறுத்தித் திடலைப் பத்துச் சுற்றுச் சுற்றிவரச் சொல்பவர் டிரில் மாஸ்டர். முன்னவனுடைய இடுப்பையும் தோளையும் தளர்த்தும் பயிற்சி எது, பின்னவனுக்கு வலுவேற்றும் பயிற்சி எது என்று பிரித்தறிபவர் உடற்கல்வி ஆசிரியர். திறமிருந்தும் நகரத்துத் திடலில் காலணி அணிந்தோர் நடுவே நிற்க நாணி ஒதுங்கும் சிறுவனைக் கண்டுகொண்டு அவன் அச்சத்தை நீக்க அறிந்தவர் பயிற்றுநர். இவ்வறிவு தானே வருவதன்று. உடற்கூற்றியலும் உடலியங்கியலும் உளவியலும் பயின்றே பெறுவது.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது நம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. ஒவ்வோராண்டும் மழை தொடங்கியதும் மாதக்கணக்கில் வேலை நிற்பது இங்கு வழக்கம். அத்தொழிலையே நம்பி நிற்கும் குடும்பத்தில் ஒருவர் பள்ளி ஆசிரியராகவோ பயிற்றுநராகவோ அமர்தல் என்ன ஆறுதல் என்பதைப் பெற்றோர்க்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

எடுத்துக் கூற வேண்டுவது வேறொன்று உண்டு. இரண்டாண்டு உடற்கல்வியியல் பட்டப்படிப்பில் சேர, 2014ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழு வகுத்த விதிகளின்படி, பொதுவாக ஒரு பட்டத்தில் 50 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு, பள்ளி, மாவட்ட அல்லது கல்லூரிகளுக்கிடையிலான ஏற்பு பெற்ற போட்டி ஒன்றில் பங்கேற்றமைக்கான சான்றும் வேண்டும். ஊர்த் திருவிழாக் கபடியில் பெற்ற கோப்பை அங்குச் செல்லாது. நம் கரையோர மாணவருள் நன்கு ஆடுவோர் பலர், இச்சான்று இன்மையாலேயே வாயிலில் தடுக்கப்படுகின்றனர். முதலாமாண்டிலேயே கல்லூரி அணியில் பெயர் கொடுத்து, மண்டலப் போட்டிகளுக்குச் சென்று, பெற்ற சான்றிதழ்களை நனையாத இடத்தில் வைத்துக் கொள்ளுதல் வேண்டும். இதனை மாணவர்க்கு நினைவூட்டும் பொறுப்பு உடற்கல்வித் துறையினர்க்கு மட்டுமன்றி, வகுப்பில் அவர்களை அன்றாடம் காணும் தமிழாசிரியர்களாகிய எமக்கும் உண்டு.